எங்கள் ஊரில் என் பெயர் ஊசி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்த ரொட்டி சானாய்க் கடையிலும் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவர் இருவருக்குத்தான் தெரியும். 'ஊசி வீடு எது?' என்று கேட்டால் தே தாரிக் ஆற்றுபவர்கூட வழி சொல்வார். தோட்டத்தில் பட்டப்பெயர் வைப்பது புதிதல்ல. விடியற்காலை நான்கு மணிக்கே ரப்பர் பால் வெட்டக் கிளம்பிவிடுவார் என்பதால் என் அப்பாவின் பெயர் 'அலாரம்'. 2022 வரைக்கும் என் பெயர் 'மோட்டார்'. கால்பந்தில் இடது ஓரத்தில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடினால் நிற்க மாட்டேன் என்பதற்காக வைத்தது. அந்தப் பெயர் போய் இந்தப் பெயர் வந்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

எழுதக் காரணம் ஒரு தம்பி. பத்தொன்பது வயது, நல்ல கால். போன மாதம் வாட்சாப்பில் 'அண்ணே, டெக்கா போட்டா எத்தனை மாசத்துல உடம்ப விட்டுப் போகும்?' என்று அனுப்பியிருந்தான். வணக்கம்கூட இல்லை. டெக்கா என்பது உடம்பு ஏற்றும் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, விளையாட்டில் தடைசெய்யப்பட்டது. பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை இன்னும் எத்தனை பேர் யாரிடம் கேட்கிறார்களோ என்று தோன்றியது. நான் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் 'ரெண்டு மாசம்'. அது தவறான பதில்.

எங்கள் தமிழ்ப்பள்ளித் திடல் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். பந்து எப்போதும் இடது பக்கக் கால்வாயை நோக்கியே உருளும். அதைத் துரத்தித் துரத்தியே நான் இடது ஓர ஆட்டக்காரன் ஆனேன். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் பேராக் மாநிலத்துக்கு ஆடினேன், அப்புறம் 21 வயதுக்கு உட்பட்டோர் அணி, அப்புறம் வேறொரு மாநிலத்தில் இரண்டாம் நிலை லீக்கில் ஒரு குழு. மாதம் 3,200 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் ஒப்பந்தம். தோட்டத்து வீட்டில் இது பெரிய பணம். ஆனால் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆட்டங்கள் நின்றபோது சில மாதங்கள் பாதிச் சம்பளம்தான் வந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. வயது 27, புதிதாகக் கல்யாணம் ஆனவன், கையில் வேறு தொழில் இல்லை.

2021 நவம்பரில் பயிற்சியின்போது வலது முட்டி திரும்பிவிட்டது. ஈப்போவில் தனியார் இடத்தில் 950 வெள்ளி கட்டி எம்ஆர்ஐ எடுத்தேன். முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டில் சின்னக் கிழிசல், உடனே அறுவை வேண்டாம், மூன்று நான்கு மாதம் உடற்பயிற்சியிலேயே சரியாக வாய்ப்பு உண்டு, வலி தாங்க முடியாவிட்டால் மூட்டுக்குள் கார்ட்டிசோன் ஊசி போடலாம் என்றார் டாக்டர். குழுவின் பிசியோ அபாங்கிடம் சொன்னேன். அவர் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொன்னார். 2022 ஜனவரி 1 முதல் மூட்டுக்குள் போடும் கார்ட்டிசோன் ஊசிக்கும் போட்டிக் காலத்தில் தடை வருகிறது, போடுவதென்றால் போட்டிக்கு எத்தனை நாள் முன்னால் என்று கணக்குப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவக் காரணத்துக்கான விலக்குக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றார். பாரம், டாக்டர் கடிதம், காத்திருப்பு. எனக்குத் தலை சுற்றியது. 'வேண்டாம் அபாங், பெரிய வேலை' என்று விட்டுவிட்டேன். பாரம் நிரப்பச் சோம்பல்பட்டு, பாரமே இல்லாத வழிக்குப் போனவன் நான். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

பாரம் இல்லாத வழி, கடைத்தொகுதி ஒன்றின் மாடியில் இருந்த ஜிம். அதை நடத்தியவரை அண்ணன் என்றே சொல்கிறேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை எளிதாக இருந்திருக்கும். என் பதினேழு வயதிலிருந்து என்னிடம் ஜிம் கட்டணம் வாங்காதவர். மாநிலத் தேர்வுக்குப் போகச் சப்பாத்து இல்லாமல் நின்றபோது தன் காசில் வாங்கிக் கொடுத்தவர். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஐந்தடியில், அதாவது கடை முன் நடைபாதையில், உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மேலே கூப்பிட்டார். "டெக்கா போடு தம்பி. மூட்டுக்கு எண்ணெய் விடற மாதிரிதான். பத்து வாரம். ரெண்டு மாசத்துல உடம்ப விட்டுப் போயிடும், சீசன் நடுவுலதான் டெஸ்ட்டு எடுப்பானுங்க" என்றார். மாட்டினால் என்ன ஆகும் என்று அரைகுறையாகக் கேட்டேன். "2001ல டேவிட்ஸுக்கு வந்துச்சு, ஸ்டாமுக்கு வந்துச்சு, பிராங்க் டி போயருக்கு வந்துச்சு. எல்லாரும் சில மாசத்துல திரும்பி வந்து ஆடலையா?" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. அந்த மூன்று நெதர்லாந்து ஆட்டக்காரர்களுக்கும் 2001இல் நாண்ட்ரோலோன் சோதனையில் வந்தது உண்மை, சில மாதங்களில் திரும்பி வந்ததும் உண்மை. ஆனால் அது பழைய கணக்கு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதித்தொகுப்பு 2015இல் மாறியபின், தெரிந்தே இந்த வகை மருந்தை எடுத்தால் முதல் தடவைக்கே 4 ஆண்டு. அண்ணனின் அறிவு 2001லேயே நின்றுவிட்டது. ஜிம் மாடியில் சொல்லப்படும் பல விஷயங்கள் இப்படித்தான், ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்தவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'எனக்குத் தெரியாது, வைட்டமின் என்று நினைத்தேன்' என்று பிறகு பலரிடம் சொன்னேன். டெக்கா என்ற பெயரை அவர் என் காதுபடச் சொன்னார். என் பையில் கைப்பேசி இருந்தது. அந்த ஒரு சொல்லைத் தட்டிப் பார்க்கப் பத்து வாரத்தில் பத்து விநாடி கிடைக்காமலா போனது? பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் போட முடியாது. அதனால் பார்க்கவில்லை. யாராவது உங்களுக்கு எதையாவது கொடுத்து, அதன் பெயரைத் தேடிப் பார்க்க உங்களுக்கே மனம் வராமல் இருந்தால், அந்தத் தயக்கத்தை நன்றாகக் கவனியுங்கள். உள்ளுக்குள் ஏற்கெனவே பதில் தெரிந்திருக்கிறது.

நான்காவது வாரம் முட்டி வலி அடங்கியது. 71 கிலோ இருந்தவன் 78க்குப் போனேன். பயிற்சியில் தோளோடு தோள் மோதினால் மற்றவன் விழுந்தான். பயிற்றுநர் முதுகில் தட்டினார். கூடவே வேறு சிலவும் வந்தன. முதுகெல்லாம் பெரிய பெரிய பருக்கள். ராத்திரி தூக்கமில்லை. ஒருநாள் சாம்பாரில் உப்பு கூடிவிட்டதென்று தட்டைச் சுவரில் வீசினேன். என் மனைவி எதுவும் பேசாமல் சோற்றைப் பொறுக்கினாள். "என்னங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ராத்திரி கேட்டாள். முட்டி வலி என்று சொன்னேன். முட்டிதான் அப்போது வலிக்கவே இல்லையே.

முட்டி ஆறியும் இல்லை. பிறகு எடுத்த இரண்டாவது எம்ஆர்ஐயில் கிழிசல் முதலில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. வலி இல்லாததால் ஏழு கிலோ கூடுதல் எடையோடு அதே முட்டியில் ஓடியிருக்கிறேன். தசை வேகமாக வளரும், அதைத் தாங்கும் நாரும் குருத்தெலும்பும் அந்த வேகத்துக்கு வளராது என்று அந்த டாக்டர் சொன்னார். எண்ணெய் விட்டது முட்டிக்கு இல்லை, என் ஆசைக்குத்தான்.

2022 பிப்ரவரி நடுவில் கடைசி ஊசி. அதன்பிறகு நடந்தவற்றை இதனோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. மார்ச் கடைசியிலிருந்து உடம்பில் சாரமே இல்லாமல் போனது. பயிற்சிக்குப் போகும் பேருந்தில் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும், சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மனைவி பக்கம் ஆசையே போகவில்லை. மார்புக்காம்புக்கு அடியில் ஒரு சின்னக் கட்டி, தொட்டால் வலி. இதையெல்லாம் எந்த ஆண்பிள்ளை யாரிடம் சொல்வான்? நடந்தது இதுதான்: வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால், போதுமான சரக்கு வருகிறதே என்று மூளை சொந்தத் தொழிற்சாலையை மூடிவிடும். ஊசி நின்ற மறுநாளே அது திறக்காது. சிலருக்கு வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள். அந்த இடைவெளியில் வெளிச்சரக்கும் இல்லை, உள்சரக்கும் இல்லை. அப்போது வரும் மனச்சோர்வு சாதாரணமானது இல்லை. அந்த நாட்களில் ஒருமுறை தண்டவாளத்து ஓரம் மோட்டாரை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். ஏற்கெனவே போட்டு நிறுத்தியவர்கள் இதைப் படித்தால், அந்த இருட்டுக்குப் பெயர் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, தனியாக நிற்காமல் டாக்டரிடம் போங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஜூலையில் சோதனை வந்தது. ஆட்டம் முடிந்ததும் குலுக்கலில் என் எண் வந்திருந்தது. ஐந்து மாதம் ஆகிவிட்டதே என்று தைரியமாகவே போனேன். சோதனை எப்படி நடக்கும் என்று யாரும் சொல்லித் தராததால் தடுமாறினேன், அதனால் சொல்கிறேன். உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அந்த நிமிடத்திலிருந்து உங்களைக் கண்ணால் விட மாட்டார். சிறுநீர் கழிக்கும்போதும் எதிரில் நின்று பார்ப்பார். குறைந்தது 90 மில்லி வேண்டும். ஆட்டம் ஆடி வற்றிப்போன உடம்பில் அது வர எனக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துச் சிறுநீர் நீர்த்துப் போனால் ஏற்க மாட்டார்கள், திரும்பவும் கொடுக்க வேண்டும். பிறகு அதை நீங்களே ஏ, பி என்று இரண்டு போத்தல்களில் ஊற்றி மூட வேண்டும். கடைசியில் ஒரு பாரம், கடந்த ஏழு நாட்களில் எடுத்த மருந்துகளை எழுதச் சொல்லும். நான் பனடோல் என்று மட்டும் எழுதினேன். உண்மையில் அந்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஜாமு என்ற மூலிகை மருந்தும் இரண்டு நாள் குடித்திருந்தேன், அதை எழுதவில்லை. எடுத்த எல்லாவற்றையும் எழுதுங்கள். அங்கே மறைத்தது பிறகு விசாரணையில் உங்கள் பேச்சின் மதிப்பைத்தான் குறைக்கும்.

சில வாரங்களில் கடிதம். நாண்ட்ரோலோன் உடம்பில் சிதைந்தால் வரும் பொருள் இருந்ததாம். ஐந்து மாதம் கழித்தா? ஆம். இந்த ஊசி எண்ணெயில் கரைத்தது. தசையில் தேங்கி நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டைத் தாண்டியும் அதன் தடம் சிறுநீரில் தெரியும். தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில்.

இனி நான் சொல்லப்போவது என் கதையிலேயே எனக்கு மிகவும் வலிப்பது. ஊசி போட்டது தப்பு, அதற்குத் தண்டனை வந்தது, சரி. ஆனால் கடிதத்தைச் சரியாகப் படிக்காததால் முழுதாக ஓராண்டைக் கூடுதலாக இழந்தேன். முதல் கடிதம் வந்ததுமே என்னைத் தற்காலிகமாக இடைநீக்கம் செய்தார்கள், இந்த வகை மருந்துக்கு அது கட்டாயம். குழுவும் ஒப்பந்தத்தை முறித்தது. யாரோ சொல்லி ஓர் 'ஆலோசகர்' வந்தார். இப்படிப் பல வழக்குகள் பார்த்தவராம். 4,500 வெள்ளி வாங்கினார். "பி போத்தலைத் திறக்கச் சொல்லுங்க, அதுல வராது" என்றார். நானும் பி என்பது இன்னொரு நாள் எடுத்த மாதிரி என்பதுபோல நம்பினேன். ஏயில் இருந்த அதே சிறுநீர்தான் பியிலும். ஊற்றியதே நான்தானே! அதில் வராமல் எங்கே போகும்? ஆய்வகத்தில் உண்மையிலேயே தவறு நடந்ததாகச் சந்தேகிக்கக் காரணம் இருப்பவர்களுக்கு பி போத்தல் பெரிய உரிமை, விடவே கூடாது. ஊசி போட்டது தெரிந்த எனக்கு அது வெறும் செலவு.

அதற்குப் பின் இரண்டாவது கடிதம், முறையான குற்றச்சாட்டுக் கடிதம், வந்தது. ஆங்கிலத்தில் பல பக்கங்கள். ஆலோசகர், "ஒண்ணும் பதில் போடாதீங்க, ஒத்துக்கிட்டா கதை முடிஞ்சிடும்" என்றார். அந்தக் கடிதத்துக்குள் ஒரு பத்தி இருந்தது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, 4 ஆண்டுத் தண்டனைக்குரிய குற்றச்சாட்டை 20 நாட்களுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையையும் ஏற்றால் ஓராண்டு குறையும். அதாவது 3 ஆண்டு. நான் அதைப் படித்தது இருபத்தெட்டாவது நாள். படித்ததுகூட நான் இல்லை. தமிழ்ப்பள்ளியில் என் வகுப்பில் படித்து இப்போது ஈப்போவில் கணக்காளராக இருக்கும் தோழி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் கடிதத்தைப் புரட்டிவிட்டு, "இந்தத் தேதி போயிடுச்சே, பார்க்கலையா?" என்று கேட்டாள். அந்த நிமிடம் என் மனைவியின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை.

ஆகவே இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடிதம் வந்த தேதியை உறையின் மேல் எழுதுங்கள். மொழி புரியாவிட்டால் வெட்கப்படாமல் புரிகிறவரிடம் அன்றே கொண்டுபோங்கள், ஆசிரியரோ, பக்கத்துத் தாமானில் இருக்கும் வழக்கறிஞரோ, யாரோ. எந்தப் பத்தியில் 'இத்தனை நாட்களுக்குள்' என்று வருகிறதோ அதையெல்லாம் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். இளைஞர் விளையாட்டு அமைச்சின் கீழ் அடாமாஸ் என்ற ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2007லிருந்து இயங்குகிறது. எதைச் சாப்பிடலாம், எதற்கு விலக்கு வாங்கலாம் என்று முன்கூட்டியே கேட்டால் சொல்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. மாட்டிய பிறகு அல்ல, டாக்டர் கார்ட்டிசோன் என்று சொன்ன அன்றைக்கே நான் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

விசாரணையில் வைட்டமின் கதையைச் சொன்னேன். தெரியாமல் எடுத்தேன் என்றால் எந்தப் பொருளில் இருந்து வந்தது, யார் கொடுத்தது என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. அவர்கள் நிரூபிக்கும்வரை காத்திருக்க முடியாது. குப்பியும் இல்லை, ரசீதும் இல்லை. யார் கொடுத்தார் என்று இரண்டு முறை கேட்டார்கள். கொடுத்தவர்களைப் பிடிக்க உதவினால் தடையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க விதியில் இடம் இருக்கிறது என்றும் விளக்கினார்கள். எனக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்த கை ஞாபகம் வந்தது. ஊர் ஞாபகமும் வந்தது, அங்கேதானே திரும்பிப் போய் வாழ வேண்டும். தெரியாது என்றேன். 4 ஆண்டு. இடைநீக்க நாட்களையும் அதில் கழித்து, 2026 ஆகஸ்டில் முடியும்.

பிரெஞ்சு ஆட்டக்காரர் போக்பா ஊக்கமருந்தில் மாட்டிய செய்தி வந்தபோது ரொட்டி சானாய்க் கடையில் எனக்கு விசாரணை நடந்தது. 2023 ஆகஸ்டு மாதச் சோதனை, 2024 பிப்ரவரியில் 4 ஆண்டுத் தடை, அதே அக்டோபரில் விளையாட்டு நடுவர் மன்றத்தில் 18 மாதமாகக் குறைந்தது. "அவனுக்கு பதினெட்டு மாசம், உனக்கு நாலு வருசமா? ஏழைக்கு ஒரு சட்டமா?" என்று எனக்காக ஒரு பெரியவர் கொதித்தார். அப்படியே தலையாட்டியிருந்தால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும். ஆனால் போக்பா வழக்கில், டாக்டர் சொல்லித் தவறுதலாக எடுத்த சத்துப்பொருள், வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று மன்றம் ஏற்றுக்கொண்டது. என்னிடம் காட்ட அப்படி எதுவும் இல்லை. பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை, அவர் என் தே தாரிக்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

தடை என்றால் லீக்கில் ஆட முடியாது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். குழுவோடு பயிற்சிக்கும் போகக் கூடாது, தடை முடியப்போகும் கடைசி இரண்டு மாதத்தைத் தவிர. கால்பந்துச் சங்கத்தோடு தொடர்புள்ள அணிகளில் பயிற்றுநராகவும் நிற்க முடியாது. வாடா விதித்தொகுப்பை ஏற்ற வேறு விளையாட்டுக்கும் தாவ முடியாது. மீறினால் தண்டனைக் காலம் மீண்டும் அவ்வளவு நீளும். கோயில் திருவிழாவுக்கு நடத்தும் எழுவர் ஆட்டத்தில் சேரச் சொல்லி இளைஞர்கள் வந்தார்கள். அது சங்க அனுமதியோடு நடப்பதா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. பயந்து வேண்டாம் என்றேன். தலைக்கனம் என்று பேசினார்கள். அன்று சாயங்காலம் செம்பனை லோரியைத் திடல் ஓரம் நிறுத்தி, வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். பந்து இன்னும் இடது பக்கக் கால்வாய்க்குத்தான் உருண்டது.

பிள்ளை விஷயம். 2023இல், கல்யாணமாகி இரண்டு ஆண்டு தாண்டியபோது, அம்மா வேண்டுதல் வைக்க ஆரம்பித்தார். ஊரே என் மனைவியைத்தான் பார்த்தது. தனியார் கிளினிக்குகளுக்கு அவளை அழைத்துப்போய் 6,800 வெள்ளி செலவு செய்தோம், அவளுக்குத்தான் ஊசியும் மாத்திரையும் சோதனையும். மூன்றாவது டாக்டர்தான் என்னைச் சோதிக்கச் சொன்னார். விந்தணு எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யம். ஏதாவது ஹார்மோன் எடுத்தீர்களா என்று கேட்டார். மனைவி பக்கத்தில் இருந்தாள். அவள் முன்னால்தான் முதல் தடவையாக முழு உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார், இரத்தச் சோதனைக்கு அனுப்பினார், அரசு மருத்துவமனையில் ஹார்மோன் நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் மனைவி கேட்டது ஒன்றுதான்: "இத மொதல்லயே சொல்லியிருந்தா என் கையில இத்தனை ஊசி ஏறியிருக்குமா?"

அரசு கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளிக்கு 2022 ஏப்ரலிலேயே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். நோயாளி சொல்வதை இரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. ஊசி போட்டவர்கள் விந்தணு எண்ணிக்கையை மட்டுமல்ல, இரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல கொழுப்பு இறங்கிக் கெட்ட கொழுப்பு ஏறுவதும், இதயச் சுவர் தடிப்பதும் இந்த மருந்துகளோடு வருபவை. எனக்கு அழுத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. எண்ணிக்கை மெல்ல ஏறியது. 2025இல் மகள் பிறந்தாள். எல்லாருக்கும் இப்படித் திரும்பி வரும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, எனக்கு வந்தது.

ஜாமு பற்றிச் சொல்லாமல் விட்டால் பக்கத்து வீட்டு அக்கா கோபிக்க மாட்டார், ஆனாலும் சொல்கிறேன். ஊசிதான் ஆபத்து, வேர் பட்டை எல்லாம் சும்மா என்று நினைக்காதீர்கள். 2014இல் நம் நாட்டுப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்க்கே சோதனையில் டெக்சாமெத்தாசோன் வந்தது. அவர் சாப்பிட்ட மூலிகை மாத்திரையின் மேலுறையில் இருந்து வந்திருக்கலாம் என்று ஏற்று 8 மாதத் தடையோடு விட்டார்கள், உலகப் போட்டியின் வெள்ளிப் பதக்கம் போய்விட்டது. அது உடம்பு ஏற்றும் ஸ்டீராய்டு இல்லை, வீக்கம் வலி குறைக்கும் வேறு வகை. மூட்டு வலிக்குச் சந்தையில் விற்கும் சில பொடிகளில் அதே மருந்தைக் கலக்கிறார்கள் என்று சுகாதார அமைச்சு அடிக்கடி எச்சரிக்கிறது. இரண்டே நாளில் மூட்டு வலியைப் பறக்க வைக்கும் ஜாமு என்றால் எனக்கு இப்போது அதன்மேல்தான் சந்தேகம். பாக்கெட்டில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, அந்த எண் அமைச்சின் இணையப் பட்டியலில் அதே பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அது விளையாட்டு வீரனுக்குச் சரி என்று அர்த்தமில்லை. பதிவான மருந்துகளிலும் தடைப்பட்டியலில் இருப்பவை உண்டு, அந்தப் பட்டியலும் ஒவ்வொரு ஜனவரியும் மாறும்.

பணக் கணக்கைக் கேட்கிறவர்களுக்காக: ஊசிக்கு 1,900 வெள்ளி. முறிந்த ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த மாதங்களுக்கு 13,000 சொச்சம். ஆலோசகருக்கு 4,500, பி போத்தல் செலவு தனி. கிளினிக்குகளுக்கு 6,800. இரண்டு எம்ஆர்ஐ. மைவி காரை விற்றது. அடுத்த ஆண்டுக்கு 4,500 வெள்ளி சம்பளம் என்று ஒரு குழு வாய்வார்த்தையாகப் பேசியிருந்தது, அதை எந்தக் கணக்கில் எழுத? அப்பா தன் சேமநிதியில் இருந்து எடுத்துக் கொடுத்ததை நான் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை. மறுநாளும் நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போனார்.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். தண்ணீர்ப் பந்தலில் அண்ணன் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. ஜிம் இன்னும் நடக்கிறது. மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், எனக்கு ஒரு குவளை மோர் நீட்டினார். "முட்டி எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கு அண்ணே" என்று சொன்னேன். மோரையும் குடித்தேன். கோயில் படியிறங்கும்போது முட்டி வலித்தது, மகளை மனைவி வாங்கிக்கொண்டாள்.